கந்தோரில் பாதுகாப்புத் தகவலைக் கடைசி ஆள்வரை கொண்டுசேர்ப்பது எப்படி?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு கந்தோரில் புதிதாகச் சேர்ந்தவரைக் கூப்பிட்டு, "பாதுகாப்பு விசயமெல்லாம் இனி நீங்க பாருங்க" என்று பொறுப்பைக் கொடுப்பார்கள். கூடவே ஒரு பைலும் வரும். பழைய சுற்றறிக்கைகள், எப்போதோ நடந்த தீயணைப்புப் பயிற்சியின் வரவுத் தாள், பாதிப் பேர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்ட தொலைபேசிப் பட்டியல், இவ்வளவும் அதற்குள் இருக்கும். அந்தப் பைலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும்போதே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கந்தோரில் எந்தத் தகவலும் கடைசியாகப் போய்ச்சேருகிற ஆள் யார்? துப்புரவு செய்கிற அக்காவா, இரவுக் காவலாளியா, சாரதியா, கிழமையில் இரண்டு நாள் மட்டும் தலைகாட்டும் வெளிக்கள உத்தியோகத்தரா, பயிற்சிக்கு வந்த பிள்ளையா? அந்த ஆள் ஆபத்து நேரத்தில் யாரையும் கேட்காமல் சரியானதைச் செய்வார் என்றால் உங்கள் வேலை நடந்திருக்கிறது. பலகையில் தாள் ஒட்டியதையும் எல்லோரிடமும் கையொப்பம் வாங்கியதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதலில் சுற்றி நடந்து பாருங்கள்

எதையும் எழுதுவதற்கு முன் கட்டடத்தை இரண்டு தடவை சுற்றுங்கள். காலையில் அலுவலக உதவியாளருடன் ஒரு தடவை, இருட்டிய பிறகு காவலாளியுடன் ஒரு தடவை. பகலில் தெரியாத படிக்கட்டும், எரியாத மின்குமிழும், பூட்டிக் கிடக்கும் பின்கதவும் இரவில்தான் தெரியும். போகும் வழியில் சந்திக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இங்க வேலை செய்யக்குள்ள எது உங்களுக்குப் பயம்?" மாடிப்படியில் கழன்ற டைல், ஆடுகிற மின்விசிறி, பைல் அறைக்குள் வந்த பாம்பு என்று பதில்கள் வரும். எந்தப் படிவமும் இந்தப் பதில்களைத் தராது.

நான் வேலை செய்த ஒரு கந்தோரில் போட்டோக்கொப்பி மெஷினிலிருந்து கருகல் மணம் வந்தது. மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரியாமல் உத்தியோகத்தர்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடதாசிப் பெட்டிகளுக்குப் பின்னால் கையை விட்டு அதை நிறுத்தியவர், தினமும் அந்த மூலையைக் கூட்டுகிற அக்கா. அவரை ஒரு பயிற்சிக்கும் கூப்பிட்டதில்லை. பயிற்சி நடக்கிற நேரத்தில் அவர் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார். ஆகவே பயிற்சி வைக்கிற நாளில் தேத்தண்ணியைக் கடையில் எடுப்பியுங்கள். அவரை முன்வரிசைக் கதிரையில் உட்கார வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொல்லாதீர்கள்

ஒரே கூட்டத்தில் தீ, டெங்கு, மின்சாரம், முதுகுவலி, சுனாமி என்று இருபது விடயம் சொன்னால் ஒன்றும் தங்காது. இந்தப் பக்கத்துப் பருவத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர் கடைசியிலிருந்து வாடைக்காற்று மழை. வெள்ளம், சூறாவளி, டெங்கு ஆகிய மூன்றும் அதோடு வரும். 1978ஆம் ஆண்டுச் சூறாவளி மட்டக்களப்பை அடித்ததும் நவம்பர் 23ஆம் திகதி இரவுதான். பெரும்போக வேலைக் காலத்தில் வயலில் இறங்குகிற உத்தியோகத்தர்களுக்கு எலிக்காய்ச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலும் குடிதண்ணீரும். கதிரை உயரம், கணினித் திரையின் உயரம், கண்ணுக்கு இடைக்கிடை ஓய்வு போன்றவற்றை நெருக்கடி இல்லாத மாதங்களில் பேசிக்கொள்ளலாம்.

டெங்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கந்தோர்கள் அதை வீட்டுப் பிரச்சினை என்றே நினைக்கின்றன. டெங்கைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிக்கும். பகலில் நாம் இருப்பது கந்தோரில். முட்டையிலிருந்து நுளம்பாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். அதனால்தான் கிழமைக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்கிறோம். இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் ஆட்கள் தவறாமல் பார்ப்பார்கள். "சுற்றாடலைச் சுத்தமாக வைத்திருக்கவும்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. மேசையில் இருக்கும் மணிபிளாண்ட் போத்தல், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, அடைபட்ட பீலி, பாவிக்காத கழிவறையின் தண்ணீர்த் தாங்கி, பின்வளவில் கிடக்கும் பழைய டயர் என்று இடத்தின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் ஆளின் பெயர் இருக்கட்டும்.

காய்ச்சலைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாதது இரண்டு. டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர இபுபுரூபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகளைத் தாமாக எடுக்கக்கூடாது. அவை இரத்தக்கசிவைக் கூட்டும். மற்றது, டெங்கில் உடல் ஆபத்தான கட்டத்துக்குள் போவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில். "காய்ச்சல் விட்டிட்டு, நாளைக்கு வாறன்" என்று ஒருவர் சொல்கிற அந்த நாள்தான் அவர் வைத்தியரின் கண்பார்வையில் இருக்க வேண்டிய நாள். மூன்றாம் நாளுக்குள் வைத்தியரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். லீவு கொடுக்கிற மேலதிகாரிக்கு இதைத் தனியாக விளக்குவதும் உங்கள் பொறுப்பு. அவர் போன் எடுத்து "எப்ப வாறீங்க?" என்று கேட்டால் நீங்கள் ஒட்டிய தாள் முழுவதும் வீண்.

எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே குடிக்கிற மாத்திரையை ஆட்கள் கடையில் கேட்டு வாங்க விடாதீர்கள். உங்கள் பிரிவுக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டால் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று சொல்வார்கள். பி.எச்.ஐ.யைக் கந்தோருக்கு அழைத்து அரை மணித்தியாலம் பேசவைப்பது இன்னும் நல்லது. கூச்சப்படாமல் கேளுங்கள், வருவார்கள்.

அறிவித்தலை எப்படி எழுதுவது

நம் கந்தோர்களில் தொங்குகிற அறிவித்தல் ஒன்று பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"அலுவலக வளாகத்தில் மின் உபகரணங்களைப் பாவனை செய்யும் சகல உத்தியோகத்தர்களும் உரிய பாதுகாப்பு நடைமுறைகளைக் கடைப்பிடிக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்."

மரியாதையாக இருக்கிறது, ஆனால் செய்ய ஒன்றுமில்லை. எந்த உபகரணம், யார், எப்போது, என்ன செய்ய வேண்டும், நான்குமே இதில் இல்லை. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"பின்னேரம் கடைசியாகப் போகிறவர் கேத்தலின் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டுப் போகவும். இந்தக் கிழமை திங்களும் செவ்வாயும் கணக்குப் பிரிவு, புதன் முதல் வெள்ளி வரை நிர்வாகப் பிரிவு. பிளக் சூடாக இருந்தாலோ கறுத்திருந்தாலோ பாவிக்க வேண்டாம். உடனே நிர்வாகப் பிரிவுக்குச் சொல்லவும்."

கீழே ஒரு வரியில் காரணத்தைப் போடுங்கள். 2000 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். பழைய கட்டடங்களில் இருக்கும் 5 அம்பியர் பிளக் பொயின்ட் அதைத் தாங்காது, உள்ளே வயர் சூடாகி உருகும். காரணம் தெரிந்தவர் வீட்டிலும் அப்படிச் செய்ய மாட்டார்.

எழுதி முடித்ததும் ஒட்ட வேண்டாம். முதலில் கடைசி ஆளிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "இதப் பாத்தா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "விளங்கிச்சா?" என்று மட்டும் கேட்கவே வேண்டாம். சேரோ மிஸ்ஸோ கேட்டால் எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். அவர் தன் வாயால் செய்முறையைச் சொல்லும்போது எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள். வாசிக்கச் சிரமப்படுகிறவராக இருந்தால் அதைப் பத்துப் பேர் முன்னால் வெளிக்காட்டிவிடாமல், தனியாகக் கூட்டிப்போய்க் காட்டிக்கொடுங்கள்.

ஒட்டுகிற இடத்தையும் யோசியுங்கள். மேலதிகாரியின் அறைக்கு வெளியே இருக்கும் பலகையை இடமாற்றப் பட்டியல் வருகிற நாளில் மட்டும்தான் ஆட்கள் பார்ப்பார்கள். கைரேகை மெஷினுக்குப் பக்கத்திலும், தேத்தண்ணி போடுகிற மேசைக்கு மேலும், கழிவறைக் கதவின் உட்பக்கத்திலும் ஒட்டினால் நின்று வாசிப்பார்கள். கேத்தலைப் பற்றிய தாள் கேத்தலுக்கு மேலே இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை பழையதைக் கழற்றுங்கள். கழற்றாத பலகையைக் கண் பழகிவிடும்.

யாருக்கு எந்த மொழியில், எந்த நேரத்தில்

அம்பாறை நகரத்துக் கந்தோர்களில் சிங்களம் பேசும் உத்தியோகத்தர்கள் அதிகம். கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மேசையில் இருப்பார்கள். சிங்களமும் தமிழும் தெரிந்தவர்கள் கலந்திருக்கிற இடத்தில் இரண்டு மொழியிலும் எழுதியே ஆக வேண்டும். போனில் மொழிபெயர்த்து ஒட்டாதீர்கள். சிங்கள உத்தியோகத்தர் ஒருவரிடம் விடயத்தை விளக்கி, அவரே தன் சொல்லில் எழுதட்டும். அவர் எழுதும்போது கேட்கிற கேள்விகள் உங்கள் தமிழ் அறிவித்தலையும் திருத்தித் தரும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பயிற்சி வைத்தால் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். நோன்பு மாதத்தில் பிற்பகல் ஒத்திகை வேண்டாம், காலையிலேயே முடித்துவிடுங்கள். அந்த மாதத்தில் வெயிலுக்குள் வெளிக்கள வேலைக்குப் போகிறவர்களின் நேரத்தை மாற்றித் தரும்படி மேலதிகாரியிடம் நீங்களே கேளுங்கள். நோன்பு பிடிக்கிற நானா தானாக வந்து கேட்கமாட்டார்.

வாட்ஸ்அப் குழு நல்லதுதான். ஆனால் காலை வணக்கமும் பிறந்தநாள் கேக்கும் வருகிற குழுவில் வெள்ள அறிவித்தலைப் போட்டால் அது மேலே போய்விடும். பொறுப்பாளர்கள் மட்டும் பதிவிடக்கூடிய தனிக் குழு ஒன்றை வைத்து, அதில் வேறு எதையும் போடாதீர்கள். எங்கிருந்தோ வந்த குரல் பதிவையும் அதில் பகிரக்கூடாது. ஸ்மார்ட்போன் இல்லாதவர் பெயரைத் தனியாக எழுதி, அவருக்கு யார் அழைப்பது என்று தீர்மானித்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நேரில் பேசுவது. திங்கட்கிழமை வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம், நின்றபடி, ஒரேயொரு விடயம். தீயணைப்புக் கருவி என்றால் கையில் எடுத்துக் காட்டுங்கள்: பின்னை இழு, தீயின் அடிப்பக்கத்தைக் குறிபார், பிடியை அமுக்கு, இடம்வலமாக வீசு. மின்சாரத் தீக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதையும், தீ கைமீறினால் கருவியைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். இளம் உத்தியோகத்தர் கருவியைத் தூக்கிப் பாரம் பார்க்கட்டும். அடுத்த திங்கள் பேசுவதற்கு வேறொருவரை விடுங்கள். உங்கள் குரல் மட்டுமே கேட்டால் அது உங்கள் வேலை என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள்.

தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு தாள்

1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ். 119 பொலிஸ். 110 தீயணைப்பு, இதோடு உங்கள் மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவின் நேரடி இலக்கத்தையும் கேட்டு எழுதுங்கள். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். 1987 மின்சார சபை. மனம் நொந்துபோனவர் கதைப்பதற்கு 1926, தேசிய மனநல உதவி இலக்கம். இந்தக் கடைசி இலக்கத்தைக் கழிவறைக் கதவிலும் ஒட்டுங்கள், யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்வார்கள்.

இலக்கங்களுக்குக் கீழே இன்னொன்று வேண்டும்: அழைப்பவர் வாசிக்க வேண்டிய வசனம். "இது இன்ன கந்தோர், இன்ன வீதி, இன்ன கோயிலுக்கு அல்லது பள்ளிவாசலுக்கு எதிர்ப்பக்கம், பச்சைக் கேற்." ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடக்கும்போது நன்றாகப் பேசுகிறவருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும், தாளில் இருந்தால் வாசித்துவிடலாம். எதிர்ப்பக்கத்தில் பேசுகிறவர் சிங்களத்தில் கேட்கலாம் என்பதால் அதே வசனத்தைச் சிங்கள உச்சரிப்பில் தமிழ் எழுத்தில் கீழே எழுதி வையுங்கள். ஒருவர் கேற்றைத் திறந்து வீதியில் நின்று கைகாட்ட வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

தீக்கு ஒரு வழி, கடலுக்கு வேறு வழி

ஒத்திகையைப் பற்றிப் பேசும்போது புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். தீ என்றால் கட்டடத்தை விட்டு வெளியே வந்து வளவில் ஒன்றுகூட வேண்டும். சுனாமி எச்சரிக்கை என்றால் வளவில் நிற்கக்கூடாது. உயரத்துக்கோ கடலிலிருந்து தூரத்துக்கோ போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே மணியை அடித்தால் ஆட்கள் பழக்கத்தில் வளவுக்குத்தான் ஓடுவார்கள். ஒலியைப் பிரியுங்கள்: ஒன்றுக்கு மணி, மற்றதற்கு விசிலும் வாய்ச்சொல்லும். கல்லடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற இடத்தில் எந்த வழியால் போவது, எந்த மாடிக் கட்டடத்தில் ஏறுவது என்பதை நீங்களாக ஊகிக்காமல் மாவட்டச் செயலகத்தில் இருக்கும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடம் கேட்டு எழுதுங்கள்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா நாளும்கூட. கந்தோர்கள் பூட்டியிருந்தன. 2012 ஏப்ரல் 11 அப்படியில்லை. புதன்கிழமை பிற்பகல், எல்லோரும் வேலையில். சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்க, இங்கே சுனாமி எச்சரிக்கை விடுத்துக் கரையோர மக்களை வெளியேறச் சொன்னார்கள். நல்லகாலம், பெரிய அலை வரவில்லை. ஆனால் வேலைநாளில் எச்சரிக்கை வந்தால் ஒவ்வொருவர் மனமும் எங்கே போகும்? வீட்டுக்கு. வீடு கடற்கரையில் இருந்தால் அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக் கடலை நோக்கித்தான் ஓட்டுவார். "யாரும் போகக்கூடாது" என்று கத்தினால் எந்தத் தாயும் தகப்பனும் நிற்கமாட்டார்கள். அதனால் ஒத்திகைக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: எச்சரிக்கை வந்தால் உங்கள் வீட்டார் எங்கே போவார்கள், பிள்ளையை யார் கூட்டிப்போவார், பிறகு எங்கே சந்திப்பீர்கள்? வீட்டில் பேசி முடிவெடுத்து வரச் சொல்லுங்கள். பதில் தெரிந்தவர் மட்டும்தான் நீங்கள் காட்டுகிற வழியால் வருவார்.

2004இல் சுமாத்திரா அருகே நிலம் நடுங்கியதற்கும் கிழக்குக் கரையை அலை அடித்ததற்கும் இடையில் ஏறத்தாழ 2 மணித்தியாலம் இருந்தது. அந்த நேரத்துக்குள் தகவல் இங்கே வந்து சேரவில்லை. இந்த வேலையை நான் இவ்வளவு பெரிதாக எடுப்பதற்கு இதுதான் காரணம். நிலநடுக்கம் நமக்கு உணரப்படாமல் போகலாம் என்பதால் எச்சரிக்கையை யார் பெறுவார், அவர் லீவில் இருந்தால் யார், ஆபத்து நீங்கியது என்று யார் சொல்வார் என்று மூன்று பெயரையும் எழுதிவையுங்கள். ஆபத்து நீங்கிய செய்தியும் அதிகாரபூர்வமாக வர வேண்டும். கடல் அமைதியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பக்கூடாது, முதல் அலைக்குப் பிறகும் அலைகள் வரும்.

வெள்ள நாளில்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து வருகிற உத்தியோகத்தருக்கு மழைநாளில் வேண்டியது ஒரு தெளிவான சொல்: வரவா, வேண்டாமா? "நிலைமையைப் பொறுத்துத் தீர்மானிக்கவும்" என்று அனுப்பினால், லீவு வெட்டுப்படுமோ என்ற பயத்தில் அவர் தண்ணீர் பாய்கிற வீதியால் வருவார். எந்த நேரத்துக்குள், யார் அறிவிப்பார் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள், காலை 5.30க்கு முன் சொன்னால்தான் பயன். பாயும் தண்ணீருக்குள் மோட்டார் சைக்கிளை இறக்கக் கூடாது என்பதை அறிவுரையாகச் சொல்லாமல் கந்தோரின் கட்டளையாகச் சொல்லும்படி மேலதிகாரியைக் கேளுங்கள். 2011 ஜனவரி வெள்ளம் போல மின்சாரமும் போன் சிக்னலும் போகிற நாளுக்கு, யார் யாருடைய வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்ற பட்டியல் கடதாசியில் இருக்க வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு, நனைந்த பிளக் பொயின்ட்களை மின்வேலை தெரிந்தவர் பார்க்கும்வரை மெயின் சுவிட்சைப் போடக்கூடாது. அலுமாரிக்குக் கீழே கையை விடுமுன் தடியால் தட்டுங்கள், பாம்பு இருக்கலாம். கிணறு இருந்தால் குளோரின் போடும்வரை குடிக்க வேண்டாம்.

திரும்பி வருகிற தகவல்

ஒரு கொப்பியை விறாந்தையில் கட்டித் தொங்கவிடுங்கள். விழுந்தவர் மட்டுமல்லாமல் விழப்பார்த்தவரும் எழுதட்டும். பெயர் போடுவது அவரவர் விருப்பம். முதல் மாதம் ஒன்றும் வராது. யாராவது ஒருவர் "துடைத்த டைலில் வழுக்கினேன்" என்று எழுதினால் அன்றைக்கே போய்ப் பார்த்து, என்ன செய்தோம் என்று அதற்குக் கீழே எழுதுங்கள். பணம் இல்லாததால் செய்ய முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். பதில் வருவதைக் கண்டால் மற்றவர்களும் எழுதுவார்கள். "யார் தண்ணி ஊத்தினது?" என்று விசாரணை தொடங்கினால் கொப்பி அன்றோடு முடிந்தது.

காயம் பட்டால் திகதி, நேரம், இடம், கண்டவர் பெயர் ஆகியவற்றை அதே நாளில் பதியுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோர வேண்டி வந்தால், அன்றைய பதிவு அந்த ஆளுக்குப் பெரிய துணையாக இருக்கும். நாட்சம்பளத்துக்கு வருகிறவருக்கு இது இன்னும் முக்கியம்.

புதிதாக ஒருவர் சேரும் நாளில் கையொப்பம் வாங்குவதற்கு முன் பதினைந்து நிமிடம் அவரோடு நடந்து காட்டுங்கள்: இரண்டு வெளிவாசல், மெயின் சுவிட்ச், தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, ஒன்றுகூடும் இடம், மேலே ஏறுகிற படி. சூடுபட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடிக்க வேண்டும், பற்பசை பூசக்கூடாது என்பதையும் முதலுதவிப் பெட்டி முன்னால் நின்றே சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் முதல் கிழமையில் தாளில் உள்ள பெயர்களையும் தனிப்பட்ட இலக்கங்களையும் சரிபாருங்கள். எடுக்காத இலக்கத்தை மாற்றுங்கள். டிசம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினம், ஒத்திகைக்குப் பொருத்தமான நாள். அது விடுமுறையில் விழுந்தால் முந்திய வேலைநாளில் வையுங்கள். திருத்திய தாளின் ஒரு பிரதி காவலாளியின் அறையிலும் ஒன்று கந்தோர் வாகனத்தின் லாச்சியிலும் இருக்கட்டும்.